பொள்ளாச்சிக்குப் பஸ் ஏற வேண்டாம்

கேள்வி: என் மகள் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மருத்துவ முகாமில் சிறுநீரைச் சோதித்ததில் கிருமி இருப்பதாக வந்தது. எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஆண்டிபயாடிக் கேட்டேன். சீட்டு இல்லாமல் இங்கே தர மறுக்கிறார்கள். பொள்ளாச்சியில் வாங்கிக்கொடுக்கலாமா?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: மறுத்த கடைக்காரருக்கு முதலில் ஒரு கும்பிடு. மருத்துவர் சீட்டில்லாமல் ஆண்டிபயாடிக் விற்பதைத் தடுக்க 2024 ஜனவரியில் கேரளம் தொடங்கிய 'ஆபரேஷன் அம்ரித்' சோதனைக்குப் பயந்தாரோ, மனசாட்சிக்குப் பயந்தாரோ, உங்கள் மகளுக்கு நல்லது செய்திருக்கிறார். கோபாலபுரம் எல்லைச் சாவடியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனாலும் சட்டம் அதுதான்.

'எதற்கும் இருக்கட்டும்' என்கிறீர்களே, இந்தப் பக்கத்தில் என் நெடுநாள் சண்டையே அதனோடுதான். சளிக்கு எதற்கும் இருக்கட்டும், பேதிக்கு எதற்கும் இருக்கட்டும். பாதி அட்டையைத் தின்றுவிட்டு மீதி அலமாரியில், அதுவும் எதற்கும் இருக்கட்டும். இப்படி விழுங்கித்தான், சிறுநீர்த் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்கும் ஈ.கோலை என்ற கிருமி மாத்திரைக்கு மசியாமல் ஊசிவரை இழுக்கிறது. மருந்துக் கடைக்காரர்கள் சிலர் இதற்காக எனக்குக் கோபமாகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும்.

ஆரோக்கியமான இளம்பெண்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர்வரை ஒரு தொந்தரவும் இல்லாமல் சிறுநீரில் கிருமியோடு இருக்கிறார்கள். மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் என்ற அளவில், அடுத்தடுத்த இரண்டு மாதிரிகளிலும் அதே கிருமி வளர்ந்தால்தான் அது கணக்கு. முகாமில் எப்படிப் பிடித்தார்கள்? கழுவச் சொன்னார்களா? முதலில் வருவதை விட்டு நடுவில் பிடிக்கச் சொன்னார்களா? குப்பிகள் மேசையில் மணிக்கணக்கில் வெயில் காய்ந்தால் தோலில் இருந்த நாலு கிருமியும் பெருகிவிடும்.

கர்ப்பிணிக்கு இது வேறு விஷயம். சிறுநீரகம்வரை தொற்று ஏறக்கூடும், மருந்து அவசியம். சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் அப்படியே. மற்ற இளம்பெண்களுக்குச் சோதனையே வேண்டாம் என்பதுதான் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல். அடிக்கடி தொற்று வரும் பெண்களை வைத்து இத்தாலியில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், தொந்தரவில்லாத கிருமிக்கு மருந்து தின்றவர்களுக்கே பிறகு தொற்று அதிகம் வந்தது. சாதுவான கிருமியை விரட்டினால் காலியான இடத்தில் முரடன் குடியேறுகிறான்.

மகளிடம் வேறொன்றைக் கேளுங்கள். கல்லூரிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா? வராத இடங்களில் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் மாலைவரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முகாம் நடத்திய நிர்வாகத்திடம் அதைக் கேட்டு உங்கள் பெயர் போட்டே கடிதம் எழுதுங்கள். எரிச்சல், காய்ச்சல், விலாவில் வலி என்று வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்; மாத்திரையை அவர் எழுதட்டும்.