மூன்றாவது முறை கேஸ் நிரப்பவா, தவணையில் புது ஃபிரிட்ஜ் வாங்கவா?

கேள்வி: என் கணவர் விசைப்படகில் மீன்பிடிக்கப் பங்குக்குப் போகிறார். எங்கள் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் வாங்கி 9 வருடங்கள் ஆகின்றன. மோட்டார் நிற்காமல் ஓடுகிறது. மேலே ஒரு மூலையில் மட்டும் ஐஸ் கட்டுகிறது, கீழே குளிர்ச்சியே இல்லை. போன வருடம் இரண்டு முறை, தலா 2,500 ரூபாய் கொடுத்து கேஸ் நிரப்பினோம். இப்போது மறுபடியும் கேஸ் போய்விட்டது, 3,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். கடையில் புதிய ஃபிரிட்ஜ் ரொக்கத்துக்கு 22,000. ‘வட்டியில்லாத் தவணை’ என்றால் மாதம் 2,000 வீதம் 12 மாதம், முதலில் 700 ரூபாய் கட்டணம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. மாமியாரின் இன்சுலின் வேறு உள்ளே இருக்கிறது. என்ன செய்வது? – வாசகி, தங்கச்சிமடம்.

பதில்: சகோதரி, முதலில் இன்சுலினை எடுத்து, நன்றாகக் குளிரும் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். பிரிக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சி வேண்டும்; ஐஸ் அறையில் வைத்து உறைந்துவிட்டால் அது வீண். இத்தனை நாள் குளிர்ச்சி இல்லாமல் இருந்த மருந்தைத் தொடர்ந்து போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அந்த அவசரம் தீர்ந்துவிட்டால், இந்த வாரமே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

மெக்கானிக் சொல்வது பொய்யாக இருக்காது. ஒரு மூலையில் மட்டும் ஐஸ் கட்டுவது கேஸ் குறைந்ததற்கான அடையாளம்தான். ஆனால் கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்காமல் இரண்டு முறை நிரப்பியதில் உங்கள் 5,000 ரூபாய் காற்றோடு போய்விட்டது. எனக்கு வருத்தமும் கோபமும் அதில்தான். மூன்றாவது முறை, ஓட்டை எங்கே என்று காட்டாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

நம் கரையில் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் உப்புக்காற்று. பின்பக்கக் கம்பிவலைக் குழாயில் துரு படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கத்தியால் ஐஸைக் குத்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கேஸ் ஓடும் ஐஸ் அறையின் மெல்லிய தகட்டில் ஊசிமுனைத் துளை போதும். குழாயில் அழுத்தம் ஏற்றி, சோப்பு நுரை வைத்துப் பார்த்தால் கசியும் இடம் குமிழி விடும். ஓட்டை வெளிக்குழாயில் இருந்தால் பற்றவைத்து, பில்டரையும் மாற்றி, கேஸ் நிரப்பலாம். எல்லாம் சேர்த்து 4,500க்குள் முடிந்து, ஆறு மாத உத்தரவாதத்தை எழுதியும் கொடுத்தால் செய்யுங்கள். ஓட்டை பெட்டியின் சுவருக்குள், நுரைப் பஞ்சுக்கு நடுவே என்றால் 9 வருடப் பெட்டிக்குச் செலவு வேண்டாம்.

(இதே பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கு: குளிராத பெட்டியெல்லாம் கேஸ் போன பெட்டி அல்ல. கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் குளிர் அந்த வழியே போகிறது. சோப்புத் தண்ணீரில் ரப்பரைத் துடைத்தாலே சில சமயம் சரியாகிவிடும். மோட்டார் ‘டிக்’ என்று முயன்று முயன்று நின்றால், கம்ப்ரசரையே (அந்த மோட்டாரையே) மாற்றச் சொல்லும் முன், அதைக் கிளப்பிவிடும் ரிலேயையும் வோல்டேஜையும் பார்க்கச் சொல்லுங்கள். ரிலே சில நூறு ரூபாய்ச் சாமான்தான்.)

மின்சாரமும் பணம்தான். 100 வாட் மோட்டார் நாளில் பாதி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். உங்களுடையதைப் போல நிற்காமல் ஓடினால் 144. நம் மாநிலத்தில் வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டையும் தாண்டி, குளிராத பெட்டி ஒன்றே விழுங்கிவிடும். இன்றே சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

இனி தவணை. மாதம் 2,000 வீதம் 24,000, கட்டணம் 700: மொத்தம் 24,700. ரொக்க விலையைவிட 2,700 கூடுதல். அதுவும் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும் கடனுக்கு. கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 22 சதவீதத்துக்கும் மேல் வருகிறது. ரொக்கத்துக்கு விலை குறைகிறது என்றாலே, தவணை விலைக்குள் வட்டி ஒளிந்திருக்கிறது என்று பொருள். வட்டியைவிட எனக்குப் பெரிய கவலை, முதல் இரண்டு தவணைகள் விழும் நாள்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும், பங்குப்பணம் வராது. தவணை தவறினால் அபராதம் விழும், அடுத்த கடனுக்கும் அது தடையாகும். அதைச் சமாளிக்க மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினால் ஆண்டுக்கு 36 சதவீதம்.

பெட்டி தேறாது என்று தெரிந்தால், மீன் அன்றன்றைக்கு, மருந்து பக்கத்து வீட்டில் என்று ஜூன் நடுப்பகுதி வரை ஓட்டுங்கள். தடைக்கால நிவாரணத்தை அரிசிக்கும் பள்ளிச் செலவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்; ஃபிரிட்ஜுக்குத் தொடாதீர்கள். படகு இறங்கியபின் வரும் பங்குகளில் ரொக்கமாகச் சேர்த்து வாங்குங்கள். மருந்துக்காகக் காத்திருக்கவே முடியாது என்றால், வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ, தேவையான அளவுக்கு மட்டும் நகையை அடகு வைத்து ரொக்கத்துக்கு வாங்குங்கள். அங்கே வட்டி பெரும்பாலும் கடைத் தவணையில் பாதிதான், மாதாமாதம் அசலும் கட்ட வேண்டியதில்லை. மீட்கும் மாதத்தை மட்டும் கணவரோடு பேசி முடிவு செய்துவிட்டு நகையை எடுங்கள்.

வாங்கும்போது மறுபடியும் ஒற்றைக் கதவே போதும். விசிறி, ஹீட்டர் என்று பழுதாகும் பாகங்கள் அதில் குறைவு. கடல் பக்கத்து ஜன்னலுக்கு எதிரே வைக்காமல், சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். பழைய பெட்டிக்குக் கடைக்காரர் என்ன கழிப்பார் என்பதையும் விலை பேசும் முன்பே கேட்டுவிடுங்கள்.