செஃபாரியாவில் யூத நூல்களைத் தேடினால் ஒன்று ஆயிரக்கணக்கில் முடிவு வருகிறது, இல்லையென்றால் ஒன்றுமே வருவதில்லை. எப்படித் தேடுவது?

எபிரேய எழுத்துகளை ஓரளவு கூட்டி வாசிப்பேன், மற்றபடி ஆங்கில மொழிபெயர்ப்புதான் துணை, கட்டுரைகளில் வரும் மேற்கோள்களைச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அளவு தெரிந்தாலே போதும். கூகுளில் தேடுகிற பழக்கத்தை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள்.

செஃபாரியா 2011-இல் ஜோஷுவா ஃபோர், பிரெட் லாக்ஸ்பைசர் இருவரும் தொடங்கிய இலாப நோக்கற்ற இலவச நூலகம். தனாக் (கிறிஸ்தவர்களுக்குப் பழைய ஏற்பாடு), மிஷ்னா (வாய்மொழிச் சட்டங்களின் தொகுப்பு), அதை விவாதிக்கும் பாபிலோன் தல்மூத், எருசலேம் தல்மூத், மித்ராஷ் (வேத விளக்கங்கள்), சட்ட நூல்கள், இவற்றுக்கு எழுந்த உரைகள் எல்லாம் அங்கே ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்த இணைப்புதான் அதன் உயிர். யூத மரபில் எந்த நூலும் தனியாக நிற்பதில்லை. வசனத்தை மிஷ்னா எடுத்தாளும், மிஷ்னாவைக் கெமாரா (தல்மூத்தின் விவாதப் பகுதி) அலசும், கெமாராவுக்கு ரஷி என்ற உரையாசிரியர் உரை சொல்வார், ரஷியோடு தோசஃபோத் (அவருக்குப் பின்வந்தவர்களின் உரைக்குறிப்புகள்) மல்லுக்கு நிற்கும். அதனால் முதலில் இடத்தைப் பிடியுங்கள், அங்கிருந்து இணைப்புகள் வழியே போங்கள். சொல் தேடல் கடைசி வழி.

இடத்தைப் பிடிப்பது என்றால், தேடல் பெட்டியில் நூற்பெயரையும் எண்ணையும் ஆங்கில எழுத்தில் அடிப்பது. தல்மூத்தின் ஒரு பகுதியான பெராகோத்தில் 5ஏ வேண்டும் என்றால், பெராகோத் 5ஏ என்று அடித்தால் கீழே பரிந்துரை விரியும். அதைத் தொட்டால் நேராக அந்த ஏட்டுக்குப் போய்விடும். பெராகோத், பிராகோஸ் போன்ற எழுத்து வேறுபாடுகளைத் தளம் பெரும்பாலும் புரிந்துகொள்ளும். ஆனால் எண்களில் சில கண்ணிகள் இருக்கின்றன.

பாபிலோன் தல்மூத்தின் ஏட்டு எண்கள் வெனிஸ் நகரில் டேனியல் பாம்பெர்க் 1520-23-இல் அச்சிட்ட பதிப்பின் அமைப்பில் வந்தவை. ஒவ்வொரு ஏட்டுக்கும் முன்பக்கம் ஏ, பின்பக்கம் பி. முதல் ஏடு தலைப்புப் பக்கம் என்பதால் உரை 2ஏ-யில்தான் தொடங்கும். 1ஏ என்று தேடினால் எதுவும் கிடைக்காது. கட்டுரையில் ஏட்டு எண்ணோடு சி (c) அல்லது டி (d) என்று பார்த்தால் அது எருசலேம் தல்மூத். அதன் பழைய பதிப்பில் ஒரு ஏட்டுக்கு நான்கு பத்திகள். செஃபாரியாவில் அதை அதிகாரம், ஹலாகா (சட்டப் பிரிவு) என்ற வரிசையில் தேட வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் நூற்பெயருக்கு முன்னால் எம் என்று சிறிய எழுத்து இருந்தால் மிஷ்னா, பி என்றால் பாபிலோன் தல்மூத், ஒய் என்றால் எருசலேம் தல்மூத், டி (t) என்றால் தோசெஃப்தா (மிஷ்னாவுக்குத் துணையான தொகுப்பு). இந்த ஒற்றை எழுத்தைக் கவனிக்காமல் வேறு நூலில் தேடிவிட்டு "மேற்கோள் பொய்" என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

ஏட்டு எண்ணுக்குப் பின்னால் இன்னொரு எண் வந்தால், உதாரணமாக 5ஏ:3, அது செஃபாரியா பிரித்த பகுதியின் எண். அச்சுப் பிரதியில் அது கிடையாது. மேற்கோள் எழுதும்போது ஏட்டோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. உரைகளில் மூன்றாவது எண் வேறு பொருள் தரும்: ஆதியாகமம் 1:1-க்கான ரஷி உரை 1:1:2 என்றால், அந்த வசனத்துக்கு அவர் எழுதிய இரண்டாவது குறிப்பு.

தமிழ் வேதாகமத்தை வைத்துக்கொண்டு தேடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அதிகார, வசன எண்கள் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. சங்கீதங்களின் தலைப்பு வரி எபிரேயத்தில் வசனமாகவே எண்ணப்படும். 51-ஆம் சங்கீதத்தில் தலைப்பு இரண்டு வசனங்களைப் பிடித்துக்கொள்வதால் தமிழில் 51:1 அங்கே 51:3. யோவேல் தமிழில் மூன்று அதிகாரம், எபிரேயத்தில் நான்கு. தமிழ் யோவேல் 2:28 அங்கே 3:1. மல்கியா இதற்கு நேர் எதிர்: தமிழில் நான்கு, எபிரேயத்தில் மூன்று. ஆதியாகமம் 31:55 அங்கே 32:1. வசனம் பொருந்தவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எண்ணைத்தான்.

இடத்துக்குப் போனபின் வசனத்தைத் தொடுங்கள். பக்கத்தில் ஒரு பலகை திறக்கும். உரைகள், தார்கும் (தனாக்கின் அரமேய மொழிபெயர்ப்பு), மித்ராஷ், தல்மூத், ஹலாகா என்று வகைவாரியாக, ஒவ்வொன்றிலும் எத்தனை இணைப்பு என்ற எண்ணோடு வரும். ஒரு சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்தால் அதே பலகையில் அகராதிப் பொருள் வரும். தல்மூத்தின் அரமேயச் சொற்களுக்கு ஜாஸ்திரோ அகராதிதான் பெரும் துணை.

தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு சொல்லை வைத்தே செய்து பார்க்கலாம். சாலொமோனின் கப்பல்கள் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, மயில் கொண்டுவந்ததாக 1 இராஜாக்கள் 10:22 சொல்கிறது. மயில் என்று மொழிபெயர்க்கப்படும் எபிரேயச் சொல் துக்கியீம். இதைத் தமிழ்த் 'தோகை'யோடு இணைத்து 1856-இல் கால்டுவெல் எழுதியதை நம்மில் பலர் படித்திருப்போம். இந்தச் சொல்லைத் தளத்தில் தேடினால் என்ன ஆகும்?

இராஜாக்களில் அது வாவ், தாவ், காஃப், யோத், யோத், மேம் என்று எழுதப்பட்டிருக்கிறது. முதலில் நிற்கும் வாவ் 'உம்' என்ற பொருள் தரும் முன்னொட்டு. இதே செய்தி 2 நாளாகமம் 9:21-இலும் வருகிறது. அங்கே தாவுக்கும் காஃபுக்கும் நடுவில் இன்னொரு வாவ் சேர்ந்திருக்கிறது, உகர ஒலியைக் காட்ட. எபிரேயத்தில் ஒரே சொல்லை உயிரெழுத்துக்கு உதவும் எழுத்தோடும் எழுதலாம், அது இல்லாமலும் எழுதலாம். ஆக, 'எக்ஸாக்ட்' என்று எழுத்துக்கு எழுத்துப் பொருத்தம் கேட்டு ஒரு வடிவத்தைத் தேடினால் மற்ற வசனம் தப்பிவிடும். முன்னொட்டு வாவையும் விட்டுவிட்டால் இரண்டுமே தப்பிவிடும். அந்த வசனத்தில் வரும் குரங்குக்கும் இதே கதி: ஒரு நூலில் வாவ் இல்லாமல், மற்றதில் வாவோடு.

இன்னும் ஒரு படி போங்கள். தல்மூத்தில் மயில் எங்கே வருகிறது என்று அறிய துக்கியைத் தேடினால் மயில் கிடைக்காது. ரபிகளின் மொழியில் மயில் என்பது தவாஸ். இராஜாக்கள் வசனத்தைத் தொட்டு, பலகையில் தார்கும் யோனத்தானைத் திறந்தால், துக்கியீம் இருக்க வேண்டிய இடத்தில் தவாஸின் அரமேயப் பன்மை நிற்பது கண்ணில் படும். அந்தச் சொல்லை எடுத்துத் தேடினால் தல்மூத்தின் பாவா காமா 55ஏ-க்குப் போகலாம். சேவல், மயில், பெசண்ட் பறவை ஆகியவற்றை ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்ற பேச்சு அங்கே வருகிறது. இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி என்பதையும் மறக்க வேண்டாம். தனாக்கின் எபிரேயம், மிஷ்னாவின் எபிரேயம், கெமாராவின் அரமேயம், இன்றைய எபிரேயம் ஆகிய நான்கையும் ஒரே மொழி என்று நினைத்துத் தேடினால் பாதி கைவிட்டுப் போகும். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பாலம் போடுவது தார்குமும் உரைகளும்தான். இடத்தை முதலில் பிடியுங்கள் என்று சொன்னதன் காரணம் இதுவே.

சரி, சொல்லைத்தான் தேடியாக வேண்டும் என்ற நிலை வரும்போது: 'எக்ஸாக்ட்' தேர்வை முதலில் அணைத்தே வையுங்கள். தமிழில் வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து என்று வேற்றுமை உருபு பின்னால் ஒட்டுவதுபோல, எபிரேயத்தில் உம், இல், கு, இருந்து, போல என்பதெல்லாம் ஒற்றை எழுத்தாக முன்னால் ஒட்டும். அவனுடைய, அவர்களுடைய என்பவை பின்னால் ஒட்டும். தேர்வு அணைந்திருந்தால் தளம் இவற்றுள் பலவற்றைத் தானே கழித்துப் பார்க்கும், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. உயிர்ப்புள்ளிகள் இல்லாமல் மெய்யெழுத்துகளை மட்டும் அடியுங்கள். முடிவுகள் குவிந்தால் சொல்லை மாற்றாதீர்கள். நூல் வகை வடிகட்டியில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள், வரிசையைக் கால அடிப்படைக்கு மாற்றுங்கள். ஒரு கருத்து முதலில் எங்கே வந்தது என்பதை அறிய கால வரிசையே சரி. 'ஷீட்ஸ்' என்று தனியாக வருபவை பயனர்கள் தொகுத்த தாள்கள். படிக்க நன்றாக இருக்கும், ஆனால் மேற்கோள் காட்ட அது மூலம் ஆகாது.

இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துத் தேடும்போது, தளம் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. ஒரு சொல் ஒரு பகுதியின் கடைசியிலும் மற்றது அடுத்ததன் தொடக்கத்திலும் இருந்தால் முடிவில் வராது. நீண்ட வாக்கியத்தை ஒட்டித் தேடுவதைவிட, அதில் அரிதான இரண்டு சொற்களை எடுத்துத் தேடுவது பலன் தரும்.

"ஓர் உயிரைக் காப்பாற்றியவர் ஓர் உலகையே காப்பாற்றியவர்" என்ற புகழ்பெற்ற வாக்கியம் இதற்கு நல்ல சோதனை. மக்கள் வாயில் புழங்குவது 'மட்சீல்', மீட்பவர் என்ற சொல். மிஷ்னா சன்ஹெத்ரின் 4:5-இல் இருப்பதோ 'மெகாயேம்', நிலைபெறச் செய்பவர். வாயில் புழங்குவதை அடித்தால் மிஷ்னாவுக்குப் போகமாட்டீர்கள். 'நெஃபெஷ் அஹாத்', 'ஓலாம் மாலே' (ஓர் உயிர், முழு உலகம்) என்ற பகுதிகளை மட்டும் அடித்தால் போய்விடுவீர்கள். போனபின் இன்னொன்றும் தெரியும்: வழக்கமான அச்சுப் பிரதியில் "இஸ்ரவேலில் ஓர் உயிர்" என்று இருக்கிறது. மிஷ்னாவின் பழைய காஃப்மன் கையெழுத்துப் பிரதியில் "இஸ்ரவேலில்" என்ற சொல் இல்லை. எந்தப் பதிப்பைப் பார்க்கிறோம் என்று பலகையில் பதிப்பின் பெயரைப் பார்த்துக் குறித்துக்கொள்வது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

எபிரேயத் தேடல் பொய்த்துப்போக இன்னும் மூன்று காரணங்கள். ஒன்று, சுருக்கெழுத்து. பிற்கால நூல்கள் சுருக்கங்களால் நிறைந்தவை. ரேஷ், ஹே என்ற இரண்டெழுத்து ரோஷ் ஹஷானா என்ற புத்தாண்டாகவும் இருக்கலாம், ரெஷூத் ஹராபிம் என்ற பொதுவெளியாகவும் இருக்கலாம். விரித்தும் சுருக்கியும் இரண்டு முறை தேடுங்கள்.

இரண்டு, கடவுளின் பெயர். தனாக்கில் அது நான்கெழுத்து. பிற்கால நூல்களில் ஹே என்ற ஓரெழுத்தும் ஒரு மேற்குறியும் மட்டுமே நிற்கும். எலோஹீம் என்பதையும் ஹேக்குப் பதில் கோஃப் போட்டு எலோக்கீம் என்று எழுதுவார்கள். பெயரை வீணாக்கக் கூடாது என்ற பயபக்தியால் வந்த வழக்கம் அது. ஆகவே வசனத்தை நகலெடுத்துப் பிற்கால நூல்களில் தேடும்போது பெயர் வரும் பகுதியை விட்டுவிட்டு மீதியைத் தேடுங்கள்.

மூன்று, தணிக்கை. கிறிஸ்தவத் தணிக்கையாளர்களின் அழுத்தத்தால் பழைய பதிப்புகளில் சொற்கள் மாற்றப்பட்டன. தல்மூத்தின் 1578-81 பாசல் பதிப்பில், சிலை வழிபாட்டைப் பற்றிய அவோதா சாரா என்ற பகுதியே விடப்பட்டது. வேற்றினத்தவரைக் குறிக்கும் கோய், நொக்ரி என்ற சொற்கள் வரவேண்டிய இடத்தில் அக்கூம் (நட்சத்திரங்களை வணங்குவோர் என்பதன் சுருக்கம்) என்றோ கூத்தி (சமாரியர்) என்றோ இருக்கும். சமய விரோதியைக் குறிக்கும் 'மீன்' என்ற எபிரேயச் சொல் சதோக்கி, அதாவது சதுசேயர், ஆகியிருக்கும். இந்தப் பொருளில் தேடும்போது எல்லா மாற்றுச் சொற்களையும் தேடாமல் "தல்மூத் இப்படித்தான் சொல்கிறது" என்று எழுதவே கூடாது. யூதர்கள் மீது அவதூறு பரப்ப இப்படி வெட்டி எடுத்த துண்டுகள் இணையத்தில் ஏராளமாகச் சுற்றுகின்றன என்பதால் இதில் கூடுதல் கவனம் தேவை.

ஆங்கிலத்தில் தேடும்போதும் ஒரு பெரிய பொறி இருக்கிறது. பாபிலோன் தல்மூத்துக்கு அங்கே காட்டப்படுவது ரபி ஆதின் ஸ்டைன்சால்ட்ஸ் வழியிலான மொழிபெயர்ப்பு. 2017 முதல் வில்லியம் டேவிட்சன் தல்மூத் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தடித்த எழுத்தில் இருப்பது மட்டுமே தல்மூத்தின் மொழிபெயர்ப்பு. சாதாரண எழுத்தில் இருப்பது இடைவெளிகளை நிரப்பும் விளக்கம். நீங்கள் தேடிய ஆங்கிலச் சொல் விளக்கத்தில் மட்டும் இருந்தாலும் முடிவில் வரும். நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது தடிமன் தொலைந்து, விளக்கமும் தல்மூத்தாகிவிடும். ஒட்டும் முன் தடித்த பகுதியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் இல்லாத நூல்களும் அங்கே நிறைய. ஆங்கிலத் தேடலில் வரவில்லை என்பதால் நூலகத்தில் இல்லை என்று ஆகாது.

செஃபாரியாவில் கிடைக்கவில்லை என்றால், எல்லா இலக்கண வடிவங்களையும் எழுத்து வேறுபாடுகளையும் சேர்த்துத் தேட டிக்டா தளத்தின் தனாக், தல்மூத் தேடல் இலவசம். மேலே சொன்ன துக்கியீம் போன்ற சிக்கலுக்கு அதுதான் சரியான கருவி. பிற்கால ரபிகளின் கேள்வி-பதில் தீர்ப்புகளில் ஆழமாகப் போக, 1963-இல் தொடங்கிய பார்-இலான் ரெஸ்பான்சா திட்டம் இருக்கிறது. கட்டணம் உண்டு, பல்கலைக்கழக நூலகம் வழியாகக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். அச்சுப் பக்கத்தையே கண்ணால் பார்க்க ஹீப்ரூபுக்ஸ் தளத்தில் வருடிய (ஸ்கேன் செய்த) நூல்கள் உள்ளன. அங்கே சொல் தேடலை நம்பாதீர்கள். உரைகளை அச்சிடப் பயன்படும் ரஷி எழுத்துருவை இயந்திரம் தப்பாகப் படிப்பது சகஜம். நூற்பெயரை வைத்துத் திறந்து, செஃபாரியாவில் கண்ட அதிகார எண்ணுக்குப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் போய் ஒப்பிடுங்கள்.