கருந்துளை விழுங்கும் இடத்திலிருந்து காமாக் கதிர் எப்படி வெளிவருகிறது?

கேள்வி: பெரம்பூரில் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். அறிவியல் கண்காட்சிக்காகக் காமாக் கதிர் வெடிப்பின் மாதிரி ஒன்றைச் செய்துவருகிறோம். கருந்துளையிலிருந்து எதுவும் தப்பாது என்று பாடம் நடத்திவிட்டு, விண்மீன் சரிந்து கருந்துளையாகும்போது காமாக் கதிர் பீறிடுகிறது என்பதை எப்படி விளக்குவது?

பதில்: அந்தக் கதிர் கருந்துளைக்குள்ளிருந்து வருவதில்லை. அதற்குள் விழவிருக்கும் பொருளும் கருந்துளையின் சுழற்சியும் தரும் ஆற்றலே அதன் மூலம். ஆகவே சுழற்சியிலிருந்து தொடங்குங்கள்.

வாஷ்பேசினில் நீர் நிரப்பி, கையால் நன்றாகச் சுழற்றிவிட்டு மூடியை எடுங்கள். நீர் நேரே இறங்காமல் துளையை வட்டமிடும். நடுவில் ஒரு காற்றுக்குழி விழும். மிகுந்த நிறையுள்ள விண்மீனின் இரும்பு உள்ளகம், எரிய ஏதுமின்றி ஒரு வினாடிக்குள் சரியும்போதும், வேகமாகச் சுழலும் வெளிப்பொருள் கருந்துளையைச் சுற்றி வட்டத்தட்டாகத் திரள்கிறது. சுழல் அச்சின் வழியே மட்டும் அடர்த்தி குறைகிறது. காந்தப்புலத்தின் துணையுடன், ஒளியின் வேகத்தை நெருங்கும் இரு தாரைகள் அந்த அச்சின் வழியே விண்மீனைத் துளைத்துக்கொண்டு எதிரெதிர்த் திசைகளில் வெளியேறுகின்றன. அமெரிக்க வானியற்பியலாளர் ஸ்டான் வூஸ்லி 1993-இல் முன்வைத்த விளக்கத்தின் சாரம் இதுதான்.

மாணவர்கள் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி: சரியும் எல்லா விண்மீன்களும் ஏன் இப்படிச் செய்வதில்லை? தாரைக்குப் பின்னிருக்கும் உந்துதல் பெரும்பாலும் சில பத்து வினாடிகளே நீடிக்கிறது. ஹைட்ரஜன் போர்வையை இழந்து, சூரியனின் அளவுக்குச் சுருங்கிய விண்மீனைத் துளைக்க அது போதும். திருவாதிரையைப் போல ஊதிப் பெருத்த விண்மீனிலோ, மையத்திலிருந்து மேற்பரப்பை அடைய ஒளிக்கே இருபது நிமிடத்துக்கு மேலாகும். தாரை உள்ளேயே அடங்கிப்போகும்.

2003 மார்ச் 29 அன்று பதிவான வெடிப்பு இதற்கு உறுதியான சான்று. காமாக் கதிர் ஓய்ந்த பிறகும் எஞ்சிய அதன் பின்னொளி மங்கிய நாட்களில், அதே இடத்தில் ஹைட்ரஜன் வரிகளற்ற சூப்பர்நோவாவின் (விண்மீன் வெடிப்பின்) நிறமாலை தெரிந்தது; ஹைட்ரஜன் போர்வையை இழந்த விண்மீனின் அடையாளம் அது. ஆனால் இரண்டு வினாடிக்கும் குறைவான வெடிப்புகள் பெரும்பாலும் நியூட்ரான் விண்மீன்கள் மோதுவதால் உண்டாகின்றன; அவற்றை இந்த மாதிரியோடு கலக்க வேண்டாம்.

மாதிரியில் காமாக் கதிரைக் காட்டும் விளக்குகளைக் கருந்துளையருகே பொருத்திவிடாதீர்கள். தாரை விண்மீனைக் கிழித்து வெளியேறி, வெகுதொலைவு சென்ற பிறகே அந்தக் கதிர் தடையின்றி விடுபடுகிறது. விளக்குகளை இரு தாரைகளின் நுனிப்பக்கம் வையுங்கள்.