வாசகர் கேள்வி-பதில்: களைக்கு நெருப்பு

கேள்வி: எரிவாயுச் சுடரால் களைகளைச் சுட்டேன். அகன்ற இலைக் களைகள் செத்தன. புல் மட்டும் மறுபடி துளிர்க்கிறதே, ஏன்?

பதில்: புல்லின் வளர்நுனி மண்ணுக்குள், இலையுறைக்குள் ஒளிந்திருக்கும், சுடர் அங்கே எட்டாது. கோரைக்கோ கிழங்கிலிருந்தே முளை வந்துவிடும். இவற்றைத் திரும்பத் திரும்பச் சுட வேண்டும், அல்லது கொத்தி எடுக்க வேண்டும். அகன்ற இலைக் களையை 2 முதல் 4 இலைப் பருவத்தில் பிடியுங்கள்.

பலரும் செய்யும் தவறு, களை கருகும்வரை சுடுவது. அது வீண் செலவு. ஒரு நொடிச் சூட்டிலேயே செல் சவ்வு கிழிந்து, செடி சில மணி நேரத்தில் வாடிவிடும். சுட்ட இலையை விரல்களால் அழுத்திப் பாருங்கள். கரும்பச்சைக் கைரேகை பதிந்தால் போதும். பனி ஈரம் உள்ள காலையில் சுட்டால் வெப்பத்தில் ஒரு பகுதி நீரை ஆவியாக்கவே போய்விடும். காற்றடிக்கும்போதும், காய்ந்த சருகு கிடக்கும் இடத்திலும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எரிவாயுவுக்குப் பதில் விறகு வாயு (குறைந்த காற்றில் விறகைச் சூடாக்கிப் பெறும் வாயு) உதவுமா?

பதில்: உதவும், ஆனால் நேரடி மாற்று அல்ல. எரிவாயு கிலோவுக்குச் சுமார் 46 மெகாஜூல் வெப்பம் தரும்; உலர்ந்த விறகு 15 தான். விறகை வாயுவாக மாற்றும் கருவியான வாயுவாக்கியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் ஒரு கிலோ எரிவாயுவுக்கு 4 கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் தார் கூடி, குழாயும் பர்னர் துளையும் அடைபடும். இந்த வாயுவில் பாதி எரியாத நைட்ரஜன் என்பதால் பழைய பர்னரில் சுடர் நிற்காது. துளை பெரிதாக வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு: வாசனையற்ற விஷம். மூடிய கொட்டகைக்குள் ஒருபோதும் பற்றவைக்காதீர்கள்.