புது இன்டேக் மாட்டியபின் ஐடில் ஏறி இறங்குகிறதா?

காட்பாடி நண்பருக்கு, வீட்டிலேயே காரில் கோன் ஃபில்டரும் (கூம்பு வடிவக் காற்று வடிகட்டி) என்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் குழாயும் மாட்டியதிலிருந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும் ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது, செக் என்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0171 வருகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்பதுதான் அந்தக் கோட். பாகம் மாற்றிய கையோடு வந்ததால், உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாருக்கும், காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்கும் நடுவே காற்று கசிகிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். சென்சார் அளக்காத காற்றுக்கு இசியு (என்ஜினின் கம்ப்யூட்டர்) பெட்ரோல் விடாது.

என்ஜின் ஆறியதும் குழாயை இணைக்கும் ரப்பர் கப்ளரைப் பாருங்கள். அதை இறுக்கும் கிளாம்ப் பல நேரம் குழாயின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிடும். மேலே இறுக்கமாகத் தெரியும், அடியில் ஒரு பக்கம் வாய் பிளந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலை அடியில் ஓட்டிப் பார்த்தால்தான் பிடிபடும். அப்புறம், பழைய குழாயில் செருகியிருந்த பிரீதர் ஹோஸ் (என்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுவரும் சிறு குழாய்) புதியதில் சேர்ந்திருக்கிறதா? இதை மறப்பவர்கள் நிறைய. சென்சாரின் அம்புக்குறி என்ஜின் பக்கம் இருக்க வேண்டும்.

ஃபில்டர் எண்ணெய் பூசும் வகை என்றால், அந்த எண்ணெய் எம்ஏஎஃப் சென்சார் கம்பியில் படிந்திருக்கலாம். எம்ஏஎஃப் கிளீனர் மட்டும் அடித்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். துணியோ விரலோ படவே கூடாது, கம்பி அவ்வளவு மெல்லியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் 40 டிகிரி தாண்டும் வேலூரில், திறந்த கோன் பானட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றையே இழுக்கும். அதில் அடர்த்தி குறைவு, இழுவையும் குறையும். கிட்டில் வெப்பத் தடுப்புத் தகடு வரவில்லை என்றால், கசிவை அடைத்த பிறகும் பழைய ஏர் பாக்ஸையே (ஃபில்டர் இருக்கும் மூடிய பெட்டி) திரும்ப மாட்டச் சொல்வேன்.