முதலில் உலர்ந்த தூரிகை, பிறகுதான் ஈரம்

கேள்வி: டெல்லி மயூர் விகாரில் வசிக்கிறோம். வீட்டிலிருந்தபடியே மாணவர்களுக்கு ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறேன். வெயில் காலம் தொடங்கியதிலிருந்து லேப்டாப் கீபோர்டு முழுவதும் ஒரே மண். ஸ்பேஸ் பாரும் ‘ஏ’ விசையும் அழுத்தினால் மேலே வர அடம்பிடிக்கின்றன. போன வாரம் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். அதன்பிறகு எந்த விசையை லேசாகத் தட்டினாலும் எழுத்து விழுவதில்லை. சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. விசைகளைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வாக்குவம் கிளீனரே போதும் என்கிறார் கணவர். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். காரணத்தைச் சொல்வதற்கு முன், துடைத்த பிறகு வந்த புதுக் கோளாறைக் கவனிப்போம். அது தண்ணீரால் வந்தது என்று பயந்திருப்பீர்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது.

லேப்டாப் இயங்கிக்கொண்டிருக்கும்போதே துடைத்தீர்கள் என்றுதான் தோன்றுகிறது. விண்டோஸில் வலது பக்க ஷிப்ட் விசையை 8 விநாடி தொடர்ந்து அழுத்திப் பிடித்தால், ‘ஃபில்டர் கீஸ்’ என்ற வசதியை இயக்கலாமா என்று திரை கேட்கும். கை நடுக்கம் உள்ளவர்கள் தவறுதலாகத் தட்டும் எழுத்துகளை ஒதுக்குவதற்காக வைத்திருக்கும் நல்ல வசதி அது. துணி அடுத்ததாக என்டர் விசையின் மேல் போனால், ‘சரி’ என்று சொன்னதாகிவிடும். அதற்குப் பிறகு லேசான தட்டல்களைக் கணினி பொருட்படுத்தாது. செட்டிங்ஸில் ஆக்சசிபிலிட்டி, அதற்குள் கீபோர்டு என்று போய் அதை அணைத்துப் பாருங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால், யாரிடமாவது ஒரு யூஎஸ்பி கீபோர்டை இரவல் வாங்கி இணையுங்கள். அதிலும் இதே தொல்லை இருந்தால் குறை மென்பொருளில்; அதில் எழுத்து ஒழுங்காக விழுந்தால் குறை உங்கள் கீபோர்டில்.

இனி மண். மே, ஜூன் மாதங்களில் ராஜஸ்தான் பக்கமிருந்து வீசும் புழுதிக்காற்று ஜன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடுகிறது. அது நுண்ணிய மணல். அதன் மேல் ஈரத்துணி பட்டதும் சேறாகிறது. துணி நகரும்போது அந்தச் சேறு விசைகளின் இடுக்கில் இறங்கி, அங்கேயே காய்ந்துவிடுகிறது. உங்கள் ஸ்பேஸ் பார் முன்பைவிட மோசமாகியிருந்தால் காரணம் இதுதான். கீபோர்டைச் சுத்தம் செய்வதில் எதைக் கொண்டு துடைக்கிறோம் என்பதைவிட எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம். மண் முழுவதும் உலர்ந்த நிலையிலேயே வெளியேற வேண்டும். ஈரம் அதற்குப் பிறகுதான்.

லேப்டாப்பை ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். ‘ஸ்லீப்’ நிலையில் தூங்க வைத்தால் போதாது. 2016-க்குப் பிறகு வந்த பல மேக்புக்குகள் மூடியைத் திறந்தாலோ, ஏதாவது ஒரு விசையைத் தொட்டாலோ தாமாகவே இயங்கத் தொடங்கும். அந்த வகை வைத்திருப்பவர்கள் மூடியைத் திறந்து வைத்த பிறகு அணைப்பது நல்லது. அடுத்து, திரையைப் பிடித்துத் தூக்காமல் அடிப்பாகத்தைத் தாங்கிப் பிடித்து, கீபோர்டு கீழ்நோக்கிச் சரியும்படி சாய்த்து, முதுகில் மெல்லத் தட்டுங்கள். மிக்சர் துணுக்கும் முடியும் உதிரும். பிறகு, பெயின்ட் அடிக்கும் மென்மையான சிறு தூரிகை ஒன்றைப் புதிதாக வாங்கி, சாய்த்த நிலையிலேயே ஒவ்வொரு வரிசையாகக் கூட்டுங்கள். கேமரா லென்ஸுக்காக விற்கும் ரப்பர் ஊதுபந்து கிடைத்தால் இன்னும் நல்லது. வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

டப்பாவில் அடைத்து விற்கும் ‘ஏர் டஸ்டர்’ வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள். அதற்குள் இருப்பது காற்று அல்ல, அழுத்தத்தில் திரவமாக்கப்பட்ட வாயு. டப்பாவைச் சாய்த்தாலோ கவிழ்த்தாலோ உறைகுளிர் திரவம் பீய்ச்சும். பல தயாரிப்புகள் தீப்பற்றக்கூடியவை. டப்பாவை நிமிர்த்திப் பிடித்து, விட்டுவிட்டு அடியுங்கள்.

வாக்குவம் கிளீனரை வேண்டாம் என்றதற்குக் காரணம் இந்த ஊரின் கோடைதான். காற்று இவ்வளவு வறண்டிருக்கும்போது பிளாஸ்டிக் முனையில் நிலைமின்சாரம் எளிதில் சேரும். அது மின்னணுச் சுற்றுகளுக்கு ஆகாது. தளர்ந்திருக்கும் விசை மூடியை உறிஞ்சி எடுத்துவிடவும் கூடும்.

மண் போன பிறகு, மேலே படிந்திருக்கும் விரல் எண்ணெய்க்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஆப்பிள், எச்பி போன்ற நிறுவனங்களே ஏற்றுக்கொள்ளும் பொருள் அது. மைக்ரோஃபைபர் துணியில் சில துளிகள் விட்டு, பிழிந்தால் சொட்டாத அளவு ஈரத்தில் துடையுங்கள். கீபோர்டின் மேல் நேராகத் தெளிக்கவே கூடாது. அருகில் அடுப்போ சாமி விளக்கோ எரியக் கூடாது.

கை சானிடைசரால் துடைப்பவர்களை இன்னமும் பார்க்கிறேன். சானிடைசரில் கைத்தோல் வறண்டுவிடாமல் இருக்கக் கிளிசரின் கலந்திருக்கும். ஆல்கஹால் ஆவியான பிறகும் அது பிசுக்காகத் தங்கி, அடுத்த புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெயில் பாலிஷ் ரிமூவர் அதைவிடக் கெடுதல். அதிலுள்ள அசிட்டோன், பெரும்பாலான விசைகள் செய்யப்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். சில விசைகளில் தெரியும் வழவழப்பான பளபளப்பு அழுக்கே அல்ல, தேய்மானம். எவ்வளவு துடைத்தாலும் போகாது, விட்டுவிடுங்கள்.

ஒட்டிக்கொள்ளும் அந்த இரண்டு விசைகளுக்கு வருவோம். ஒவ்வொரு விசைக்கும் அடியில் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் சட்டங்களும், நடுவில் ஒரு ரப்பர் குமிழும் இருக்கின்றன. சட்டத்தின் முனையிலுள்ள கொக்கி நகத்தளவுகூட இருக்காது. ஸ்பேஸ் பார் போன்ற நீள விசைகளில் கூடுதலாக ஒரு கம்பியும் மாட்டப்பட்டிருக்கும். விசையை எந்தப் பக்கமிருந்து நெம்ப வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். தவறான பக்கத்தில் நெம்பினால் கொக்கி ஒடிந்துவிடும். அந்த ஒற்றை விசைக்குப் பொருத்தமான சட்டம் தேடிக் கிடைப்பது பெரும்பாடு. கழற்ற வேண்டாம் என்று நான் கெஞ்சிச் சொல்வது இதனால்தான். பதிலாக, காது குடையும் பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் தொட்டு, நன்றாகப் பிழிந்துவிட்டு, விசையின் நான்கு ஓரங்களிலும் ஓட்டுங்கள். உடனே அந்த விசையைப் பலமுறை அழுத்தி விடுங்கள். சில நிமிடம் காயவிட்டு மறுபடி செய்யுங்கள். வெறும் புழுதி என்றால் இரண்டு மூன்று சுற்றில் இளகிவிடும். முடித்த பிறகு ஒரு மணி நேரமாவது கழித்து லேப்டாப்பை இயக்குங்கள்.

இளகவில்லை என்றால், எப்போதோ சிந்திய டீயோ காபியோ காரணமாக இருக்கலாம். பாலும் சர்க்கரையும் காய்ந்து அடியில் படிந்தால் மேலிருந்து துடைத்து எடுக்க முடியாது. இனி ஒருமுறை சிந்தினால், பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து உடனே அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், கீபோர்டு கீழ்நோக்கி இருக்கும்படி கூடாரம் போலக் கவிழ்த்து வையுங்கள். ஈரமும் மின்சாரமும் சேரும்போதுதான் உள்ளே உலோகம் வேகமாக அரிக்கிறது. ஹேர் டிரையர் வேண்டாம். அதன் சூடு ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் நெளித்துவிடும். அரிசியில் புதைப்பதால் பயனில்லை, மாவுத்தூள் உள்ளே போவதுதான் மிச்சம். காய்ந்துவிட்டதே என்று இயக்கிப் பார்க்காமல், பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுத்துவிடுங்கள்.

பழுதுபார்க்க நேரு பிளேஸ் கணினிச் சந்தைக்கு எடுத்துச் செல்வதாக இருந்தால், கோப்புகளை முன்கூட்டியே வேறிடத்தில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டு திருகாணியால் பொருத்தப்பட்டதா, மேல் தட்டோடு உருக்கி இணைக்கப்பட்டதா என்று கடைக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். இரண்டாவது வகை என்றால் பெரும்பாலும் தட்டு முழுவதையும் மாற்ற வேண்டிவரும், செலவும் கூடும். அந்தத் தொகையை வாயால் சொன்னால் போதாது, தாளில் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு லேப்டாப்பைக் கொடுங்கள்.