பியானோ வளர்ந்த கூடங்கள்: கேள்வி பதில்

பியானோக்களுக்குச் சுருதி கூட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். திறந்து பார்த்த ஒவ்வொரு பெட்டியும் ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்னதால்தான் இக்கருவியின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். மேடையில் வாசித்த மேதைகளின் பெயர்களை நாம் அறிவோம். ஆனால் பியானோவை வளர்த்தெடுத்தவை வீட்டுக் கூடங்கள்தாம் என்பதும், அங்கே வாசித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதும் போதிய அளவு பேசப்படவில்லை என்ற எண்ணம் எனக்கு உண்டு. வந்த கேள்விகளுக்கு அந்த எண்ணத்துடனேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கும்பகோணம்): இத்தாலிய மொழியில் 'பியானோ' என்றால் 'மெல்ல' என்று பொருளாமே, ஐயா? இவ்வளவு உரக்க ஒலிக்கும் கருவிக்கு ஏன் அந்தப் பெயர்?

பெயரில் பாதி உதிர்ந்துபோனதால் வந்த குழப்பம் இது. பிளாரன்ஸ் நகரில் மெடிச்சி குடும்பத்து இளவரசர் பெர்டினாண்டோவிடம் 1688 முதல் பணியாற்றிய பார்த்தொலொமேயோ கிறிஸ்தொஃபொரி என்பவரே இக்கருவியை உருவாக்கியவர். அந்தக் குடும்பத்தின் இசைக்கருவிகளை 1700-ல் கணக்கெடுத்தவர்கள், இதை மெல்லவும் உரக்கவும் ஒலிக்கக்கூடியது என்று பட்டியலில் குறித்தார்கள். அந்த 'பியானோ, ஃபோர்ட்டே' என்ற இணைச் சொற்களில் முதற்சொல் மட்டும் நாளடைவில் நிலைத்துவிட்டது.

அந்தக் குறிப்பின் அருமை அதற்கு முந்தைய ஹார்ப்சிகார்டைப் பார்த்தால் விளங்கும். அதில் கட்டையை அழுத்தினால், பறவை இறகின் தண்டைச் சீவிச் செய்த சிறு முள் தந்தியை மீட்டிவிட்டு விலகும். எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கிறிஸ்தொஃபொரி முள்ளுக்குப் பதிலாகச் சுத்தியலை வைத்தார். ஆனால் சுத்தியலை வைப்பது மட்டும் போதாது: விரல் கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தாலும், தந்தியைத் தட்டிய அக்கணமே சுத்தியல் பின்வாங்கிவிட வேண்டும், இல்லையேல் எழுந்த ஒலியை அதுவே அடக்கிவிடும். இந்தச் சிக்கலை அவர் தீர்த்த விதம் இன்றைய தொழில்நுட்பருக்கும் வியப்பளிப்பது. அவர் கைப்பட்ட பியானோக்களில் எஞ்சியிருப்பவை மூன்றுதான். 1720-ல் செய்தது நியூயார்க்கிலும், 1722-ல் செய்தது ரோமிலும், 1726-ல் செய்தது லைப்சிக்கிலும் உள்ளன.

கேள்வி (கொழும்பு): அரண்மனைக் கருவி சாதாரண வீடுகளுக்கு எப்படி வந்தது?

லண்டன் வழியாக வந்தது. ஜெர்மனியிலிருந்து அங்கே குடியேறிய யோகன்னஸ் சும்பே என்ற தச்சர் 1760-களில் மேசை போன்ற சிறிய பியானோக்களைச் செய்து விற்றார். 'சதுரப் பியானோ' என்று பெயர் பெற்றாலும் அது நீள்சதுர வடிவம்தான். சுவரோரம் ஒதுக்கி வைக்கலாம், விலையும் ஹார்ப்சிகார்டை விடக் குறைவு. அதுவரை இசைக்கருவி வாங்குவதைப் பற்றி நினைத்தே பார்த்திராத வணிகர், வழக்கறிஞர் குடும்பங்கள் அதை வாங்கத் தொடங்கின. 1768-ல் யோகான் செபாஸ்டியன் பாக்கின் இளைய மகன் யோகான் கிறிஸ்தியான் பாக், லண்டன் மேடையொன்றில் இத்தகைய சிறு கருவியிலேயே தனியாக வாசித்தார். 19ஆம் நூற்றாண்டில் தந்திகளை நிமிர்த்தி நிறுத்திய 'அப்ரைட்' வகை வந்து சதுரப் பியானோவை ஓரங்கட்டியது. நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் மூன்றாண்டுத் தவணை முறையும் பரவ, எழுத்தர்களும் கைவினைஞர்களும்கூடப் பியானோ வைத்திருந்தார்கள்.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவி): பழைய ஐரோப்பிய ஓவியங்களில் பியானோ முன் எப்போதும் ஒரு பெண்ணே அமர்ந்திருக்கிறாள். ஆனால் புகழ்பெற்ற இசையமைப்பாளர்கள் எல்லோரும் ஆண்கள். ஏன் இந்த முரண்?

எனக்கு வந்த கேள்விகளில் இதையே முதன்மையாகக் கருதுகிறேன், அம்மா. வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்குப் பிரெஞ்சு மொழி, பூத்தையல், பியானோ ஆகியவை திருமணத்துக்கான தகுதிகளாக எண்ணப்பட்டன. வயலினை மோவாயில் அழுத்துவதும், செல்லோவைக் கால்களுக்கிடையே நிறுத்துவதும், குழலை உதட்டில் வைத்து ஊதுவதும் பெண்ணுக்கு அழகல்ல என்று கருதிய சமூகத்தில், நேராக அமர்ந்து, முகம் கோணாமல் வாசிக்கக்கூடிய கருவியாகப் பியானோ ஏற்றுக்கொள்ளப்பட்டது. நம் ஊரில் பெண் பார்க்க வந்தவர்கள் 'ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள்' என்று கேட்ட வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தக் கூடத்துக்கு வெளியே கதவு மூடியிருந்தது. ஃபான்னி மெண்டல்சோனும் அவர் தம்பி ஃபெலிக்ஸும் ஒரே ஆசிரியர்களிடம் பயின்றவர்கள். 1820-ல் தந்தை ஃபான்னிக்கு எழுதிய கடிதத்தில், இசை ஃபெலிக்ஸுக்குத் தொழிலாகலாம், உனக்கோ அது அணிகலனாக மட்டுமே இருக்க முடியும் என்று அறிவுறுத்தினார். அப்போது ஃபான்னிக்கு வயது 14. நானூறுக்கும் மேற்பட்ட படைப்புகளை இயற்றிய அவர், தம் பெயரில் முதல் தொகுப்பை வெளியிட்டது 1846-ல். மறு ஆண்டே இறந்துபோனார். பியானோக் கலைஞர் கிளாரா ஷூமனின் வாழ்க்கை வேறு விதம். எட்டுக் குழந்தைகளைப் பெற்று, நோயுற்ற கணவரை இழந்து, ஐரோப்பா முழுவதும் சுற்றுப்பயணம் செய்து குடும்பத்தைக் காத்தவர் அவர். தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து வாசிக்கும் இன்றைய மேடை மரபு வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

பட்டறையிலும் ஒரு பெண் இருந்தார். ஆக்ஸ்பர்க் நகரின் பியானோ தச்சர் ஸ்டைனின் மகள் நானெட் ஸ்ட்ரைக்கர், வியன்னாவில் தம் சொந்தப் பெயரில் பியானோக்களைச் செய்து விற்றார். பேட்டோவன் அவரிடம் கருவி கேட்டும், வீட்டு நிர்வாகத்துக்கு யோசனை கேட்டும் எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன.

வீட்டில் வாசித்த பெண்களுக்காகவே ஒரு பெரும் இசைத்தாள் சந்தையும் உருவானது. வார்சாவில் வாழ்ந்த தெக்லா பொண்டஜெவ்ஸ்கா என்ற இளம்பெண் 1856-ல் வெளியிட்ட 'கன்னியின் பிரார்த்தனை' என்ற எளிய பியானோ இசைத் துண்டு அச்சுக்கு மேல் அச்சாக விற்றது. விமர்சகர்கள் அதை இன்றுவரை மலிவான இசை என்று இகழ்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. தைவான் தெருக்களில் குப்பை வண்டி வருவதை மக்களுக்கு அறிவிக்கும் இசைகளில் ஒன்றாக அது இன்றும் ஒலிக்கிறது. 1861-ல் இளவயதிலேயே மறைந்த அவரை இசை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

கேள்வி (திருச்சி): எங்கள் தேவாலயத்திலுள்ள அப்ரைட் பியானோவை நான்கு பேர் சேர்ந்தும் நகர்த்த முடியவில்லை. மரப்பெட்டிக்கு ஏன் இவ்வளவு எடை?

மரத்துக்குள் ஒளிந்திருக்கும் வார்ப்பிரும்புச் சட்டகம்தான் காரணம். ஏறத்தாழ 230 தந்திகள் சேர்ந்து இழுக்கும் விசை 18 முதல் 20 டன் வரை இருக்கும்; வெறும் மரம் அதைத் தாங்காது. பேட்டோவன் காலத்துக் கருவிகளில் மரமே பெரும்பகுதி என்பதால் அவற்றின் தந்திகள் மெல்லியவை, ஒலியும் குறைவு. இசை அரங்குகள் பெருகிப் பெருத்தபோது கூடுதல் ஒலி தேவைப்பட்டது. அதற்குத் தடித்த தந்தியும், அதைத் தாங்க இரும்பும் வேண்டியிருந்தன. பாஸ்டனைச் சேர்ந்த ஆல்ஃபியஸ் பாப்காக் 1825-ல் ஒரே வார்ப்பில் செய்த சட்டகத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்டைன்வே நிறுவனம் 1859-ல் கிராண்ட் பியானோவின் கீழ்ச்சுரத் தந்திகளை மற்றத் தந்திகளின் மேலே குறுக்காக ஓட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. அதே காலத்தில்தான் பியானோக் கலைஞர் தனி ஒருவராக மேடையை நிரப்பும் வழக்கமும் வந்தது. ஃபிரான்ஸ் லிஸ்ட் 1840-ல் லண்டனில் தனியாக வாசித்த நிகழ்ச்சிகளின் விளம்பரத்தில்தான் 'ரிசைட்டல்' என்ற சொல் இந்தப் பொருளில் வந்தது.

கேள்வி (ஊட்டி): தாத்தா காலத்துப் பியானோவின் கட்டைகள் மஞ்சளேறியுள்ளன. அவை தந்தமா என்று எப்படி அறிவது? தந்தம் என்றால் அதை வைத்திருப்பதே மனதுக்கு உறுத்துகிறது.

பகல் வெளிச்சத்தில் வெள்ளைக் கட்டையொன்றை அருகே குனிந்து பாருங்கள். கறுப்புக் கட்டைகளுக்கு இடையில் புகும் ஒடுங்கிய வால் பகுதியும், விரல் படும் அகன்ற தலைப் பகுதியும் சேரும் இடத்தில் மயிரிழை போன்ற ஒரு கோடு தெரிந்தால், இரண்டு தகடுகளை ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். மேற்பரப்பில் மர ரேகை போல மெல்லிய அலைகளும் ஓடினால் அது தந்தமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். தந்தத்துக்கு மாற்றாக வந்த செயற்கைப் பொருளான செல்லுலாய்டு பெரும்பாலும் ஒரே துண்டாக, ரேகையின்றி இருக்கும்.

உங்கள் உறுத்தல் நியாயமானது. 19ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஆப்பிரிக்காவில் வேட்டையாடப்பட்ட யானைகளின் தந்தங்கள், பல வேளைகளில் அடிமைப்படுத்தப்பட்ட மக்களின் தோள்களில் ஏற்றப்பட்டு, கடற்கரைக்கும் அங்கிருந்து சான்சிபார் சந்தைக்கும் வந்தன. அவற்றில் பெரும்பகுதியை அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள டீப் ரிவர், ஐவரிட்டன் என்ற இரண்டு சிற்றூர்கள் வாங்கின. இரண்டாம் ஊருக்குப் பெயரே தந்தத்தால் வந்தது. மெல்லிய தகடுகளாக அறுத்த தந்தத்தை நீண்ட கண்ணாடிக் கூடங்களில் பரப்பி வாரக்கணக்கில் வெயிலில் வெளுக்க வைப்பார்கள். டீப் ரிவரின் தந்தத் தொழிலதிபர் ஒருவர் அடிமை முறையை எதிர்த்தவர், தப்பி வந்த ஒருவருக்கு அடைக்கலமும் கொடுத்தவர். தம் பட்டறைக்கு வந்த தந்தத்தைச் சுமந்தவர்கள் யார் என்பதை அவர் எப்படி எண்ணிப் பார்த்தார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1989-ல்தான் தடை முடிவானது. பழைய கட்டைகளைப் பெயர்த்தெறிவதால் எந்த யானையும் திரும்ப வராது. அதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, அதிலேயே வாசியுங்கள்.

கேள்வி (சென்னை): வயலினை ஏற்ற கர்நாடக இசை பியானோவை ஏன் ஏற்கவில்லை?

சுரத்தை அசைத்தும் வளைத்தும் இசைக்கும் கமகமே காரணம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தபோது, தந்தி மீது விரலை இழுத்தும் அசைத்தும் சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையிலுள்ள வழியெல்லாம் நடக்க முடிந்தது. பியானோவின் சுரம் தட்டிய இடத்திலேயே நிற்கும். தோடி ராகத்தின் காந்தார சுரத்தை அதில் அசைக்க வழியில்லை. இதே குறையைக் காட்டித்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்துக்குத் தடை விதித்திருந்தது. தமிழரிடம் பியானோ செழித்த இடங்கள் தேவாலயமும் திரையிசையும்தாம். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா பியானோவும் மேற்கத்திய இசையும் பயின்றது பலரும் அறிந்ததே.

கேள்வி (சிங்கப்பூர்): இன்று எங்கு பார்த்தாலும் ஜப்பானிய, சீனப் பியானோக்களே உள்ளன. இந்த மாற்றம் எப்போது நடந்தது?

மேற்கில் வீட்டுப் பியானோ தளர்ந்ததும் கிழக்கில் அது எழுந்ததும் சேர்த்துச் சொல்லவேண்டிய கதை. அமெரிக்காவில் 1909-ல் மட்டும் மூன்றரை இலட்சத்துக்கும் அதிகமான பியானோக்கள் செய்யப்பட்டன, அதுவே உச்சம். துளையிட்ட காகிதச் சுருளால் தானே வாசிக்கும் பியானோ அப்போதே வந்திருந்தது. பின்னர் கிராமபோனும் வானொலியும் பெருமந்தமும் அடுத்தடுத்து வந்தபோது, வீட்டில் இசை வேண்டுமானால் யாராவது வாசித்தே ஆகவேண்டும் என்ற தேவையே அற்றுப்போனது.

ஜப்பானில் தொராகுசு யாமஹா 1887-ல் ஹமாமட்சு நகரப் பள்ளியொன்றின் ஆர்கனைப் பழுது பார்த்தார். அதைப் பார்த்துத் தாமே ஒன்றைச் செய்து, அதன் தரத்தைச் சோதித்துச் சொல்லும்படி, நண்பரோடு காவடி போலத் தோளில் சுமந்து ஹகோனே மலையைக் கடந்து டோக்கியோ இசைப் பள்ளிக்கு நடந்தார். சுருதி சரியில்லை என்று சொன்னார்கள். அங்கேயே தங்கிச் சுருதி இலக்கணம் பயின்று மீண்டும் செய்தார். அவர் நிறுவனத்தின் முதல் அப்ரைட் பியானோ 1900-ல் வெளிவந்தது.

சீனாவில் கதை கடுமையானது. பண்பாட்டுப் புரட்சியின்போது பியானோ முதலாளிய வர்க்கத்தின் அடையாளமாக்கப்பட்டு, பல கருவிகள் உடைக்கப்பட்டன, கலைஞர்கள் வதைக்கப்பட்டார்கள். 1962-ல் மாஸ்கோவின் சைக்கோவ்ஸ்கி போட்டியில் இரண்டாம் பரிசைப் பகிர்ந்துகொண்ட யின் செங்சொங், 1967-ல் தியனன்மென் சதுக்கத்துக்குப் பியானோவை எடுத்துச் சென்று மக்கள் கேட்ட பாடல்களை வாசித்தார். இக்கருவி தொழிலாளிக்கும் உழவருக்கும் உரியதாக முடியும் என்று காட்ட அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அவர் பிறந்த குலாங்யூ தீவில் இன்று ஒரு பியானோ அருங்காட்சியகம் இருக்கிறது.

கேள்வி (யாழ்ப்பாணம்): பாட்டியின் பியானோ எங்களிடம் உள்ளது. அதை யார், எப்படி வாசித்தார்கள் என்று சொல்ல வீட்டில் இப்போது எவரும் இல்லை. கருவியைப் பார்த்தே ஏதாவது அறிய முடியுமா?

முடியும். மேல் மூடியையும் முன்பலகையையும் மெதுவாகக் கழற்றிவிட்டு, கைவிளக்கை வைத்துச் சுத்தியல்களின் முனையைப் பாருங்கள். அழுத்திய கம்பளியில் தந்திகள் பதித்த பள்ளங்கள் தெரியும். நடுப்பகுதியில் மட்டும் பள்ளம் ஆழமாகவும் இரு ஓரங்களிலும் கம்பளி புதிதாகவும் இருந்தால், அங்கே பாடலுக்குத் துணையாகவோ பிரார்த்தனைப் பாட்டுக்கோ வாசித்திருக்கிறார்கள். பள்ளங்கள் பரவலாக இருந்தால் ஒருவர் முறையாகப் பயின்றிருக்கிறார். முன்பலகையில் நான்கு திருகுத் துளைகள் இரு பக்கமும் இருந்தால், மின்விளக்கு வருவதற்கு முன் அங்கே பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கிகள் இருந்தன. கடைசியாக, இடப்பக்க ஓரத்திலுள்ள முதல் கட்டையை மேலே தூக்கி எடுத்து அதன் மரப்பக்கத்தைப் பாருங்கள். சுருதி கூட்ட வந்தவர்கள் தங்கள் பெயரெழுத்தையும் தேதியையும் அங்கே பென்சிலால் குறித்துவைப்பது எங்கள் தொழிலின் பழைய வழக்கம். குறிப்புகள் இருந்தால், அவை எந்த ஆண்டோடு நின்றுபோகின்றன என்பதை எனக்கு எழுதுங்கள்.